நியூவார்க்கில் பனியா, மழையா? வியாழன் விமானம், திங்கள் தைப்பூசம்

ஜெலுத்தோங்_மீனா | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். அமெரிக்கக் குளிர்காலத்தில் விமானம் ஏறிப் பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அண்ணன் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அங்கேயே விரதம் இருந்து வருகிறார். வியாழன் காலை நியூவார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம். வெள்ளி மாலை சாங்கியில் இறங்கி, அன்றிரவே பினாங்குக்கு இன்னொரு விமானம். சனி ஓய்வு, ஞாயிறு ரத ஊர்வலம், திங்கள் பூசம். கணக்கு அழகாகத்தான் இருந்தது.

இப்போது புதன் இரவு தொடங்கி வியாழன் வரை அங்கே பனிப்புயல் வரலாம் என்கிறார்கள். இந்த ‘வரலாம்’தான் தொல்லை. ஒரு முன்னறிவிப்புப் படத்தில் நியூவார்க்கில் 14 அங்குலப் பனி, இன்னொரு படத்தில் வெறும் மழை. அம்மா இன்றே டிக்கெட்டை மாற்றச் சொல்கிறார். அண்ணனோ இதெல்லாம் அங்கே வாடிக்கை என்கிறார். மாற்றினால் கட்டண வித்தியாசமே 3,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பட்டர்வொர்த்_பெருமாள் | ஞாயிறு, இரவு 9.31

அம்மா பேச்சை. கல்யாணத்துக்கு வருகிறவர் தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்டாலும் இரவு விருந்துக்காவது வந்து உட்காரலாம். நேர்த்திக்கடன் அப்படியா? பூசத்துக்கு மறுநாள் வந்து மலையடிவாரத்தில் தேங்காய் ஓட்டையா பொறுக்குவது? 3,000 ரிங்கிட் போனால் போகட்டும், மீனா.

பழைய_பாஸ்டன் | ஞாயிறு, இரவு 10.05

பாஸ்டனில் படித்தவன், இப்போது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன். பெருமாள் ஐயா கோபிக்க வேண்டாம், இன்றைக்கு மாற்றுவது அவசரம் என்றே சொல்வேன்.

அந்தக் கரையோரத்தில் வருவதை நார்ஈஸ்டர் என்பார்கள். கடலை ஒட்டி வடக்கே ஏறும் தாழ்வழுத்தம் அது. அதன் மையம் கரைக்கு மிக அருகில் போனால், அட்லாண்டிக்கின் மேலிருந்து உறைநிலைக்குச் சற்று மேலான காற்று உள்ளே புகுந்து நியூவார்க்கில் மழையாகிவிடும். மிகத் தள்ளிப் போனால் ஒன்றுமே வராது. நடுவில் ஓர் ஒடுங்கிய பாதை இருக்கிறது. வடக்கு 40 டிகிரியும் மேற்கு 70 டிகிரியும் சந்திக்கும் கடல் புள்ளியை அங்குள்ளவர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மையம் அதை ஒட்டிப் போனால் பெருநகரங்களில் பனி கொட்டும். சில பத்து மைல் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் கதை மாறிவிடும். மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் 95ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே விழும். நியூவார்க் விமான நிலையம் அந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது.

தரையின் வெப்பநிலை மட்டும் போதாது. கீழே உறைநிலை, ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் சில டிகிரி கூடுதல் என்றால், பனி அங்கே உருகி மழையாகி, கீழே வந்து பட்ட இடத்தில் கண்ணாடிபோல உறையும். விமானத்துக்குப் பனியைவிட அந்த உறைமழைதான் கொடியது.

இன்று இவ்வளவு குழப்பம் ஏன் என்றால், அந்தப் புயலுக்கு வித்தான காற்றலை இன்னும் பசிபிக்கின் மேல் இருக்கிறது. அது நிலத்துக்கு மேல் வந்தால்தான் நாளுக்கு இருமுறை ஏவும் வானிலை பலூன்களின் வலைக்குள் சரியாகச் சிக்கும். செவ்வாய்வரை எந்தப் படத்தையும் வைத்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

தாமான்_துன்_தம்பி | ஞாயிறு, இரவு 10.22

அண்ணா, ஐரோப்பிய வானிலைக் கணினி மாடல் அடுத்தடுத்து இருமுறை 14 அங்குலம் காட்டிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? விமான நிலையம் மூடப்படுவது உறுதி.

பழைய_பாஸ்டன் | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, 2015 ஜனவரி 26, 27 தேதிகளைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்குக்கு 20 முதல் 30 அங்குலம் என்று முன்னறிவிப்பு. பனிக்காக முதன்முறையாகச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். நியூ ஜெர்சியைக் கவனிக்கும் வானிலை நிலையத்தின் தலைமை வானிலையாளர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். புயல் பொய்யில்லை. பாஸ்டனில் இரண்டு அடிக்கு மேல் கொட்டியது. மேற்கு விளிம்பு எதிர்பார்த்ததைவிடக் கிழக்கே நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஐரோப்பிய மாடலும் அன்று நியூயார்க்குக்கு மிகையாகத்தான் சொன்னது.

அந்த மாடலில் ஒரே ஓட்டத்துக்கு, தொடக்க நிலையைச் சற்றே மாற்றிக் கணக்கிடும் 50 துணை ஓட்டங்களும் உண்டு. நீங்கள் சொல்லும் படம் ஒன்றே ஒன்று. துணை ஓட்டங்கள் எங்கெங்கே சிதறுகின்றன என்று பாருங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தன் தளத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரு எல்லைகளையும் தனித்தனிப் படமாகப் போடுகிறது. குறைந்தபட்சப் படத்தில் நியூவார்க் அரை அங்குலம், அதிகபட்சத்தில் 15 என்றால், அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிக்கெட் | ஞாயிறு, இரவு 11.15

எத்தனை அங்குலம் என்பதை நீங்கள் இருவரும் விடியும்வரை பேசுங்கள். மீனா, எனக்கு ஒரே ஒரு கேள்வி. சிங்கப்பூர் விமானமும் பினாங்கு விமானமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியாக வாங்கியதா?

ஜெலுத்தோங்_மீனா | ஞாயிறு, இரவு 11.20

தனித்தனி. சிங்கப்பூர்–பினாங்கு மலிவு விலை விமானம், நான்தான் இங்கிருந்து வாங்கினேன். இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிக்கெட் | ஞாயிறு, இரவு 11.52

அப்படியானால் உங்கள் புயல் நியூ ஜெர்சியில் இல்லை, சாங்கியில் இருக்கிறது.

நியூவார்க்கில் 14 அங்குலம் விழுந்து விமானம் ரத்தானால், முதல் நிறுவனம் எப்படியாவது அண்ணனைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து விடும். அது அவர்கள் பொறுப்பு. ஆனால் இரண்டு அங்குலமே விழுந்து, விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால்? அவர்களைப் பொறுத்தவரை பயணம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது நிறுவனத்துக்கோ அண்ணன் வராத பயணி. டிக்கெட் போச்சு. பூசத்துக்கு முந்தைய வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கடைசி நேர இருக்கை என்ன விலை, கிடைக்குமா என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் ரயிலும் அந்த வாரம் எப்போதோ விற்றுவிடும்.

டிக்கெட் தொழிலில் தலை நரைத்தவன் சொல்கிறேன். பெரும்புயல் வந்தால் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் முன்கூட்டியே அசைவார்கள். அரைகுறைப் புயலில்தான் பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்தும் ஆகாது, நேரத்துக்கும் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: ஒன்றும் கட்டாதீர்கள். புயல் உறுதியாகத் தெரிந்தால் நிறுவனங்கள் ஓரிரு நாள் முன்பாகவே பயணச் சலுகை அறிவிக்கும். குறிப்பிட்ட விமான நிலையங்கள், குறிப்பிட்ட தேதிகள், அதற்குள் கட்டண வித்தியாசம் இல்லாமல் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அது வந்த அரைமணி நேரத்தில் நல்ல இருக்கைகள் காலியாகிவிடும். அண்ணன் இன்றே மாற்று வழிகளை எழுதி வைத்திருக்க வேண்டும். மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் மூன்றிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. புயலின் எதிர்த் திசை. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு மாற்றுவதில் பொருளில்லை, அங்கும் அதே மேகம்தான்.

கிள்ளான்_கவிதா | திங்கள், காலை 7.40

பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா? இனிமேல் எடுத்துப் பயனில்லை என்பதற்காகக் கேட்கிறேன். முன்னறிவிப்பு வெளியான புயலுக்கு அதன் பிறகு எடுத்த காப்புறுதியில் பணம் தரமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படித்தான் கைவிரித்தார்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், தவறவிட்ட இணைப்பு விமானத்துக்கு எத்தனை மணி நேரத் தாமதம் வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

செந்தூல்_தளம் | திங்கள், மதியம் 1.05

சிப்பாங்கில் விமானத் தளத்தில் வேலை செய்கிறேன். இங்கே பனி இல்லை, ஆனால் பனி நாட்டு நிலையங்களோடு நாள்தோறும் பேசுகிறோம். நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் விமானம் கிளம்பக்கூடாது. முதலில் சூடான கிளைகோல் கலவையை அடித்து இருப்பதைக் கரைப்பார்கள், அது ஆரஞ்சு நிறம். பிறகு புதிதாகப் படியாமல் இருக்கப் பச்சை நிறத்தில் கெட்டியான திரவம். இரண்டாவது அடித்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. உலர்ந்த சிறு பனிக்கு நேரம் அதிகம், ஈரப்பனிக்குக் குறைவு. மிதமான அல்லது கனத்த உறைமழைக்கு அட்டவணையில் நேரமே இல்லை, அதாவது கிளம்ப முடியாது. ஓடுபாதை வரிசையில் நிற்கும்போதே நேரம் தீர்ந்தால் திரும்பி வந்து மறுபடியும் அடித்துக்கொள்ள வேண்டும். பாஸ்டன் அண்ணன் சொன்ன சில டிகிரி வித்தியாசம் இங்கேதான் கடிக்கும். மைனஸ் எட்டில் விழும் ஐந்து அங்குலத்தைவிடப் பூஜ்யத்தில் விழும் இரண்டு அங்குலம் சில நேரம் கூடுதல் தலைவலி.

அடுத்தது எடை. 18 மணி நேரம் பறக்க எரிபொருள் நிரப்பிய விமானம் மிகக் கனம். ஓடுபாதையில் நீர்த்த பனிச்சேறு இருந்தால் சக்கரத்தை இழுக்கும், வேகம் ஏறாது. 1958இல் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சென்ற விமானம் விழுந்ததற்கு முதலில் இறக்கைப் பனியைக் காரணம் சொன்னார்கள். பின்னால் பிரிட்டிஷ் விசாரணை ஓடுபாதைச் சேற்றைத்தான் காரணமாக ஏற்றுக்கொண்டது. அதனால் ஓடுபாதையைத் துடைத்து, அளந்து, பிறகுதான் விடுவார்கள். அதற்கும் நேரம் போகும். விமானிகளின் பணிநேர வரம்பு வேறு. உள்நாட்டு விமானத்துக்கு நான்கு மணி நேரத் தாமதம் சமாளிக்கக்கூடியது, இவ்வளவு நீண்ட பயணத்துக்கு வரம்பைத் தொட்டுவிடும்.

இன்னொரு குறிப்பு, இது இலவசம். வியாழன் காலை நியூவார்க்கில் கிளம்ப வேண்டிய விமானம் புதன் இரவு நம் நேரத்தில் சாங்கியிலிருந்து புறப்பட்டுப் போவதுதான். அது கிளம்பவில்லை என்றால் வியாழன் விமானம் இல்லை. வானிலைப் படத்தைப் பார்ப்பதைவிடச் சாங்கியின் புறப்பாட்டுப் பலகையைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்_பெருமாள் | திங்கள், மதியம் 2.18

இவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டு, இன்னும் காத்திருக்கச் சொல்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிக்கெட் | திங்கள், மதியம் 2.40

காத்திருப்பது நாளை இரவுவரைதான், ஐயா. அதற்குள் சலுகை வராவிட்டால் பணம் கட்டி மாற்றச் சொல்லும் முதல் ஆள் நான். இன்று மாற்றினால் 3,000 போகும், நாளை மாற்றினால் போகாமல் இருக்க வாய்ப்பு இருக்கிறது. புதன் மதியத்துக்கு இருக்கை இருக்கும்வரை இழப்பு ஒன்றுமில்லை. இருக்கைகள் குறைகின்றனவா என்று அண்ணன் காலையும் மாலையும் பார்க்கட்டும்.

ஒரு வேளை ரத்தானால் பயப்பட வேண்டாம். 2024 அக்டோபர் முதல் அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் பன்னாட்டு விமானம் ரத்தானாலோ, 6 மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, பயணி மாற்று ஏற்பாட்டை ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காரணம் வானிலை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஹோட்டலும் சாப்பாடும் வானிலைத் தாமதத்துக்குக் கட்டாயமில்லை. பணம் திரும்பி வருவதால் பால்குடம் மலையேறாது என்பதும் உண்மைதான், ஐயா.

தாமான்_துன்_தம்பி | செவ்வாய், மதியம் 3.30

புதிய ஐரோப்பிய ஓட்டம்: நியூவார்க்கில் 5 அங்குலம், பிறகு மழை. அமெரிக்க மாடல்: 2. நேற்றுவரை 14 காட்டியது எங்கே போயிற்று?

பழைய_பாஸ்டன் | செவ்வாய், மதியம் 3.52

வடமேற்கே மலைப் பக்கம் நகர்ந்துவிட்டது. அலை இப்போது நிலத்துக்கு மேல் வந்துவிட்டதால் இனி இரு மாடல்களும் பெரிதாக முரண்படாது. மையம் கரையை ஒட்டி வருகிறது. கனமாக விழும் நேரத்தில் காற்று குளிர்ந்து மழையே பனியாக மாறுவதும் உண்டு என்பதால் 5 என்பது 7 ஆகலாம், 1 ஆகலாம். நேரம் மட்டும் தெளிவு: வியாழன் விடியற்காலை முதல் முற்பகல்வரை. அண்ணன் விமானம் சரியாக அதற்குள்.

எடிசன்_குமார் | புதன், அதிகாலை 1.14

நான்தான் அந்த அண்ணன். தங்கை இணைப்பை அனுப்பினாள். எல்லாருக்கும் நன்றி. இங்கே செவ்வாய் நண்பகல். வெயில் அடிக்கிறது, கடைகளில் மட்டும் ரொட்டியும் பாலும் காலி.

சலுகை சற்று முன் வந்தது. வாடிக்கையாளர் எண்ணில் யாரும் எடுக்கவில்லை, செயலியிலேயே மாற்றிவிட்டேன். புதன் காலை நேரடி விமானம் நிறைந்துவிட்டது. ஆகவே புதன் பிற்பகல் நியூவார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, அன்றிரவு அங்கிருந்து சிங்கப்பூர். வெள்ளிக் காலை சாங்கி. ஒரே டிக்கெட், கூடுதல் கட்டணம் இல்லை. பினாங்கு விமானம் அப்படியே இருக்கட்டும், அன்று பகல் முழுவதும் கையில் இருக்கிறது.

5 அங்குலமெல்லாம் இங்கே ஒரு செய்தியே இல்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் தனி டிக்கெட் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிக்கெட் | புதன், காலை 8.05

நல்லது தம்பி. பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள். நியூவார்க்கில் ஏற்றும் பெட்டி சான் பிரான்சிஸ்கோவில் மாறாமல் நின்றுவிடும் வாய்ப்பு இந்த மாதிரி நாளில் அதிகம். மஞ்சள் வேட்டியும் துண்டும் கைப்பையில் வரட்டும். மற்றதெல்லாம் பினாங்கில் கிடைக்கும்.

செந்தூல்_தளம் | வியாழன், காலை 6.50

சாங்கியிலிருந்து நியூவார்க் விமானம் நேற்றிரவு கிளம்பிவிட்டது. ஆகவே அண்ணனின் பழைய விமானம் ரத்தாகவில்லை.

தாமான்_துன்_தம்பி | வியாழன், காலை 9.12

அப்படியானால் மாற்றியதே வீண்தானே? பேசாமல் நேரடி விமானத்தில் வந்திருக்கலாம். இப்போது அமெரிக்காவையே குறுக்கே கடந்து சுற்றி வருகிறார்.

செந்தூல்_தளம் | வியாழன், காலை 9.40

கிளம்பியது என்றுதான் சொன்னேன். அது இறங்குவது பனி விழுந்துகொண்டிருக்கும்போது. திரும்பக் கிளம்புவது எப்போது என்று பார்ப்போம்.

எடிசன்_குமார் | வெள்ளி, காலை 9.05

சாங்கியில் இறங்கிவிட்டேன். கைப்பை மட்டுமே. நியூவார்க்கில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி ஏறத்தாழ 3 அங்குல ஈரப்பனி, அதற்கு மேல் மழை, எல்லாம் கூழாகிவிட்டதாம். பள்ளிகள்கூடத் தாமதமாகத்தான் திறந்தனவே தவிர மூடவில்லை.

செந்தூல்_தளம் | வெள்ளி, காலை 9.30

உங்கள் பழைய விமானம் நான்கு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. இன்றிரவு அது சாங்கியில் இறங்கும்போது பினாங்கு விமானம் போயிருக்கும்.

பட்டர்வொர்த்_பெருமாள் | வெள்ளி, காலை 9.47

முருகா. பகல் முழுவதும் சாங்கியில் என்ன செய்யப் போகிறீர்கள்? சைவச் சாப்பாட்டுக்கு வெளியே, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்வரலாம், நேரம் இருக்கிறது. விரதத்தில் இருப்பவர் விமான நிலையத்தில் கண்டதைச் சாப்பிட வேண்டாம்.

தாமான்_துன்_தம்பி | வெள்ளி, காலை 10.20

ஒரு திருத்தம். நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், சசெக்ஸ் மாவட்டத்து மேட்டுப் பகுதியில் 13 அங்குலம் என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். என் படம் முழுக்கப் பொய்யில்லை.

பழைய_பாஸ்டன் | வெள்ளி, காலை 10.31

ஆமாம் தம்பி. அங்கேயும் ஒரு பன்னாட்டு விமான நிலையம் கட்டச் சொல்லலாம்.

ஜெலுத்தோங்_மீனா | வெள்ளி, பகல் 12.10

எல்லாருக்கும் நன்றி. அம்மா இன்னமும் ஞாயிறன்றே மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். இரவு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்துப் போகிறேன். திங்களன்று தண்ணீர்மலைச் சாலை எப்போது மூடப்படும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்பாவால் அதிகம் நடக்க முடியாது.

பட்டர்வொர்த்_பெருமாள் | வெள்ளி, பகல் 12.25

திங்களன்று வண்டியை நம்பாதீர்கள். அப்பாவை ஞாயிறு மாலையே அடிவாரத்துக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்க வையுங்கள். எங்கள் தண்ணீர்ப் பந்தலிலும் நாற்காலி இருக்கும்.

கிள்ளான்_கவிதா | வெள்ளி, மதியம் 1.15

இங்கேயே கேட்கலாமா? என் மகள் அடுத்த வாரம் மான்செஸ்டரிலிருந்து லண்டன் வழியாக வருகிறாள். அங்கேயும் ‘பனி விழலாம்’ என்று மஞ்சள் எச்சரிக்கை. அவளுடையதும் இரண்டு தனி டிக்கெட்.

நெறியாளர் | வெள்ளி, மதியம் 1.40

கவிதா, லண்டனுக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கிருப்பவர்கள் அங்கும் வருவார்கள். மீனாவின் சாலைக் கேள்விக்காக இது பூசம்வரை திறந்திருக்கும்.